கெட்டிமேளம் எந்தப் பக்கம்?

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடினாலும் நாயனம் இந்தப் பக்கம், தவில் அந்தப் பக்கம் என்று காது சொல்லிவிடும். அதையே பதிவு செய்து வீட்டில் கேட்டால், எல்லாம் ஒரே குடத்துக்குள்ளிருந்து வருகிறதே, ஏன்?

ஒற்றை மைக்குக்குத் திசை தெரியாது. ஆலன் ப்ளூம்லைன் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் மனைவியுடன் சினிமாவுக்குப் போனாராம். திரையில் நடிகர் நகர்ந்தார், குரல் நகரவில்லை! 1931-ல் அவர் கண்ட வழிதான் ஸ்டீரியோ. இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில், ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் பார்க்க வைத்தார். இடப்பக்க ஓசை இட மைக்கில் சற்று உரக்க விழும். இரண்டு ஒலிபெருக்கிகளில் கேட்கும்போது, மனம் அதைத் திசையாகப் படித்துக்கொள்ளும்.

மண்டபமும் சும்மா இராது. வெறுஞ்சுவரும் கூரையும் ஓசையைத் திருப்பி அனுப்பும். மைக் தள்ளிப் போகப் போக, எதிரொலி மிஞ்சித் திசையைக் கலைத்துவிடும். கல்வராயன் மலையில் திறந்த வெளியில் வாசித்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் மண்டபம் தரும் கார்வையும் இராது.

ஆகவே, பதிவு செய்ய வருகிறவரிடம், "இரண்டு மைக்கையும் மேளத்துக்கு நேர் எதிரே, சில அடி தள்ளி வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும், உங்கள் பெண்ணுக்குத் தாலி ஏறிய நேரத்தில் கெட்டிமேளம் எந்தப் பக்கம் முழங்கியது என்று காது காட்டிவிடும்!