கணிப்பொறிக்கும் உண்டு சுழிப்பிழை!

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? உடனே பொருளை அளக்கத் தொடங்கிவிட மாட்டீர்கள். தாடைகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வைப்பீர்கள். நடுவில் ஒன்றுமில்லை, ஆகவே அளவு சுழியாக இருக்க வேண்டும். அவ்வாறு காட்டாவிட்டால் சுழிப்பிழை என்று குறித்துக்கொள்வீர்கள். சங்கரன்கோவிலில் இயற்பியல் கற்பிக்கும் நான், செய்முறை வகுப்பின் முதல் நாளன்று சொல்லும் பாடமும் இதுதான்: விடை முன்பே தெரிந்த கேள்வி ஒன்றைக் கருவியிடம் கேளுங்கள். அதற்குச் சரியான பதில் வந்த பிறகே, விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள்.

கணிப்பொறி நிரல்களை உருவாக்குவோரும் இதே பாடத்தைப் பின்பற்றுகிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

தேடல் வாய்பாடு

ஒரு பெரிய பட்டியலில் ‘முருகன்’ என்ற பெயரைத் தேடுவது எளிது. ஆனால், ‘ஏதேனும் ஓர் இரண்டு இலக்க எண்’ என்று எப்படித் தேடுவது? அதற்கு [0-9][0-9] என்று எழுதினால் போதும். ஒரு சதுர அடைப்புக்குறி ஓர் இடத்தைக் குறிக்கிறது. அந்த இடத்தில் 0 முதல் 9 வரை எந்த இலக்கமும் வரலாம். இவ்வகை எழுத்துமுறையை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பார்கள். நாம் ‘தேடல் வாய்பாடு’ என்று சொல்லிக்கொள்வோம். இதன் கணித அடிப்படையை 1956-இல் வெளியான கட்டுரையில் விளக்கியவர் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி. கணிப்பொறியில் இவ்வாறு தேடும் வழிமுறை ஒன்றை கென் தாம்சன் 1968-இல் வெளியிட்டார்.

இந்தத் தேடும் வேலையை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே செய்யத் தேவையில்லை. இயக்க அமைப்போடு வரும் பொது நூலகத்தில் அதற்கான பகுதி இருக்கிறது. நிரல்கள் அதைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. சிக்கல் இங்கேதான். லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று அமைப்புகள் பல. ஒரே அமைப்பிலும் பதிப்புகள் பல. சிலவற்றில் இப்பகுதி இருக்காது. சிலவற்றில் இருக்கும், ஆனால் பிழையோடு இருக்கும்.

முன்சோதனை

மூல வடிவில் கிடைக்கும் ஒரு நிரலை நம் கணிப்பொறிக்கு ஏற்ப உருவாக்கும்போது, பெரும்பாலும் முதலில் ஓடுவது ‘கான்பிகர்’ என்னும் முன்சோதனை நிரல். இத்தகைய முன்சோதனை நிரல்களைத் தானாகவே எழுதித் தரும் ‘ஆட்டோகான்ப்’ என்ற கருவியை டேவிட் மெக்கென்சி 1991-இல் தொடங்கினார். முன்சோதனை ஓடும்போது, “இது இருக்கிறதா? ஆம். அது இருக்கிறதா? இல்லை” என்று வரிசையாகத் திரையில் வரும்.

தேடல் வாய்பாட்டுப் பகுதியைப் பொறுத்தவரை, குனூ நிரல்கள் பலவற்றில் “இருக்கிறதா” என்று கேட்பதோடு சோதனை நிற்பதில்லை. சின்னஞ்சிறு நிரல் ஒன்றை அங்கேயே உருவாக்கி ஓட்டி, விடை தெரிந்த கேள்விகளைக் கேட்கிறது. அவற்றுள் ஒன்று சுவையானது. ஆங்கில எழுத்துகளில் ‘பி முதல் ஏ வரை’ என்று தலைகீழான எல்லையைக் கொடுத்து, இதை ஏற்கக்கூடாது என்றும் கட்டளையிடுகிறது. நல்ல நூலகம், “இது தவறு” என்று மறுக்க வேண்டும். பேசாமல் ஏற்றுக்கொண்டால் அது தேறவில்லை!

வேறொரு கேள்வியில் சில பழைய நூலகங்கள் விடை சொல்லாமல் முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருந்தன. ஆகவே சோதனைக்கு இரண்டு விநாடி கெடுவும் வைத்திருக்கிறார்கள்.

நூலகம் தேறாவிட்டால் வேலை நின்றுவிடாது. நிரலோடு கூடவே அனுப்பப்பட்டிருக்கும் மாற்றுப் பகுதி பயன்படுத்தப்படும். ஆய்வுக்கூடத்தில் பழுதான அளவியை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பது போலத்தான்.

தமிழில் கேட்டால்?

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ‘ப முதல் ன வரை’ என்பது நேரான எல்லையா, தலைகீழான எல்லையா? “நேரானதுதான். க, ங, ச என்று தொடங்கும் வரிசையில் ன அல்லவா கடைசி!” என்பீர்கள். கணிப்பொறியோ பெரும்பாலும் தலைகீழ் என்றே சொல்லும்.

காரணம் இதுதான். கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே அறியும். 1991-இல் வெளியான யூனிகோடு முறை, இந்திய மொழிகளுக்கான ‘இஸ்கி’ முறையைத் தழுவித் தமிழுக்கு எண்களை வழங்கியது. அதில் ன, கடைசியில் இல்லை. ந-வுக்கு அடுத்தே நிற்கிறது. ப அதற்கும் பின்னால் வருகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும்? நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் உதவித்தொகைக்கான மாணவர் பட்டியலைக் கணிப்பொறியில் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். உயிர்மெய்யில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் வரட்டும் என்று எண்ணி ஒருவர் [க-ன] என்று தேடுகிறார். எண் வரிசையில் அந்த எல்லைக்குள் இருப்பவை க, ங, ச, ஜ, ஞ, ட, ண, த, ந, ன மட்டுமே. கோமதி வருவாள், சங்கரன் வருவான். பேச்சியம்மாளும் மாரியப்பனும் விடுபடுவார்கள். பதினெட்டில் சரிபாதி, அதாவது ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ ஆகிய ஒன்பதும் வெளியே நின்றுவிடும். திரையில் பிழை என்று ஒரு சொல்கூடத் தோன்றாது. கருவி தன் விதிப்படி சரியாகவே இயங்கியிருக்கிறது. நம் அகரவரிசைதான் அதன் விதியில் இல்லை. சுழிப்பிழை இல்லாத அளவியிலும், அங்குலக் கோட்டைச் சென்டிமீட்டர் என்று படித்தால் விடை தவறுதானே!

வழி என்ன? பதினெட்டு எழுத்துகளையும் அடைப்புக்குறிக்குள் ஒவ்வொன்றாக எழுதிவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், விடை தெரிந்த சிறு பட்டியலில் முதலில் தேடிப் பார்ப்பது. ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளுக்குத் தேறிய கருவியைத் தமிழிலும் கேட்டுப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தாம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இருந்தால், க முதல் ன வரை பதினெட்டு எழுத்துகளையும் புள்ளியில்லாமல் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ‘தேடி மாற்று’ பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதியைத் தேர்ந்தெடுத்து, [க-ன] என்று தேடுங்கள். எத்தனை எழுத்துகள் சிக்குகின்றன?

2. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு எழுத்துகள் 3. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5. இன்று பரவலாக வழங்கும் யூடிஎப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டு. உங்கள் பெயருக்கு இந்த மூன்று எண்களும் எவை? முதலில் தாளில் கணக்கிடுங்கள். பிறகு கணிப்பொறியிடம் கேளுங்கள்.