இரவல் அத்திவாரத்தில் எழும் விளையாட்டுகள்

ஒரு கணினி விளையாட்டை விண்டோஸ் கணினி, ஐபோன், அண்ட்ரொயிட் கையடக்கத் தொலைபேசி ஆகிய அனைத்திலும் இயங்கச் செய்வது எளிதான காரியமன்று. ஒவ்வொரு சாதனமும் தனக்கெனத் தனியான செயன்முறையைக் கொண்டிருப்பதே இதற்குக் காரணமாகும்.

இச்சுமையைப் பெருமளவு குறைத்திருப்பவை 'கேம் என்ஜின்' எனப்படும் பல்தள மென்பொருட்களாகும். உருவங்களைத் திரையில் வரைதல், பொருட்களின் மோதலையும் வீழ்ச்சியையும் கணித்தல், ஒலியை இயக்குதல் போன்ற பொதுப் பணிகளை அவையே கவனித்துக்கொள்கின்றன. விளையாட்டின் விதிகளை ஒரு தடவை எழுதினால், பல சாதனங்களுக்கும் ஏற்ற வடிவங்களை அவை ஆக்கித் தருகின்றன. தொடுதிரைக்கும் விசைப்பலகைக்கும் ஏற்ற திருத்தங்களும் பரிசோதனைகளும் மாத்திரமே எஞ்சுகின்றன. பெருநிறுவனங்களுக்கே உரியதாயிருந்த இத்துறையில் இரண்டொருவர் கூடித் துணிந்து இறங்க முடிந்தமை இதனாலேயே ஆகும்.

எனினும், இவ்வசதிக்குள் ஓர் ஆபத்தும் மறைந்திருப்பதை 2023 ஆம் ஆண்டு உணர்த்தியது. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் தோன்றி, 2005 இல் வெளிவந்த 'யுனிட்டி' உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தப்படும் என்ஜினாகும். 2023 செப்டெம்பர் 12 ஆம் திகதி அந்நிறுவனம் புதிய கட்டணமொன்றை அறிவித்தது. வருமானத்திலும் நிறுவல் எண்ணிக்கையிலும் குறித்த எல்லைகளைக் கடந்த விளையாட்டுகள், 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு புதிய நிறுவலுக்கும் 20 அமெரிக்க சதம் வரை செலுத்த வேண்டும் என்பதே அதுவாகும். ஏற்கனவே வெளியான விளையாட்டுகளும் இதற்கு விலக்கல்ல எனக் கூறப்பட்டமை பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. விளையாட்டை இலவசமாக வழங்கிச் சொற்ப வருமானம் பெறுவோருக்கு, நிறுவல்கள் பெருகுவதே நட்டமாகும் நிலை தோன்றியது.

எதிர்ப்பு வலுத்ததனால் பத்து நாட்களில் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. ஒக்டோபரில் நிறுவனத்தின் தலைமை மாறியது. 2024 செப்டெம்பரில் அக்கட்டணம் கைவிடப்பட்டது. ஆயினும், இழந்த நம்பிக்கை இலகுவில் மீள்வதில்லை.

ஆர்ஜென்டீனாவில் உருவாகி, 2014 இல் திறந்த மூல மென்பொருளாக்கப்பட்ட 'கொடோ' என்ஜினை நோக்கிப் பலர் திரும்பியது இதன் பின்னரே. அதனைப் பயன்படுத்தக் கட்டணமோ வருமானத்தில் பங்கோ செலுத்த வேண்டியதில்லை. வெளியிடப்பட்ட பதிப்பின் உரிமத்தை எவரும் பறிக்கவும் முடியாது. ஆனால், பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளுக்கான நிரல்கள் இரகசியமாகப் பேணப்படுவதால், அவற்றுக்கு விளையாட்டைக் கொண்டுசெல்ல வேறு நிறுவனங்களின் உதவியை நாட வேண்டியுள்ளது.

ஆகவே, குறையற்ற கருவி எதுவுமில்லை. இத்துறையில் காலடி வைக்கும் இளைஞர்கள் கருவியின் திறமையை ஆராய்வது போலவே அதன் உரிம நிபந்தனைகளையும் ஊன்றி வாசிக்க வேண்டும். ஒரு மென்பொருளின் பொத்தான்களை மனனம் செய்வதிலும் பார்க்க, எந்த என்ஜினுக்கும் பொருந்தும் நிரலாக்க அடிப்படைகளைக் கற்பதே பயன் தரும். வீடு நமதாயினும் நிலம் பிறருடையதெனில், குத்தகைப் பத்திரத்தை வாசிக்காது அத்திவாரம் இடுவது விவேகமாகாது என்பதே நமது கருத்தாகும்.