தாமரைத் தொட்டியும் சிமெண்டுக் கல்லும்

சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை நம் முன்னோர் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்பர். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அந்தச் சுண்ணாம்பின் காரம் புதுச் சிமெண்டுக் கல்லிலும் உண்டு. பூசைக்குத் தாமரை வளர்க்கும் அன்பர்கள், தொட்டியை உயர்த்தி வைக்கப் புதுக் கல்லை அப்படியே குளத்தில் இறக்கினால், காரம் நீரில் கரைந்து மீன்களின் செவுளை அரிக்கும். சிறு குளமானால் மீன்கள் மடியும்.

அறிவியல் கற்பித்த ஆசிரியன் என்ற முறையில் நான் சொல்வது இது: கல்லைத் தனித் தொட்டியில் சில வாரம் ஊறப்போட்டு, அடிக்கடி நீரை மாற்றுங்கள். பிறகு புதுநீரில் ஒரு நாள் வைத்துப் பி.எச். தாளால் சோதியுங்கள். அளவு 8.5-ஐத் தாண்டாவிட்டால் குளத்தில் இறக்கலாம். துளையுள்ள கல் முழுவதும் மூழ்கட்டும்; வெளியே தெரியும் துளையில் மழைநீர் தேங்கினால் கொசு முட்டையிடும்.

வாயில்லா ஜீவன்களைக் காப்பதும் இறைத்தொண்டே.