பொதுப் பணமும் பொறுப்பும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. மதிப்பிட்ட தொகைக்குள் முடிந்த வீடு அரிது என்பதே அதன் கருத்து. சொந்த வீடு கட்டுகிறவன் கணக்குத் தவறினால் கடன் அவன் தலைமேலேயே விழும். ஆகையால் அவன் ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணி வைப்பான். ஆனால் அரசாங்கமும் சங்கமும் ஊராரும் சேர்ந்து ஒரு விளையாட்டரங்கத்தைக் கட்டும்போது, மிகுதிச் செலவு யார் தலைமேல் விழும்? இந்தக் கேள்விக்குத் தொடக்கத்திலேயே விடை காணாவிட்டால் என்ன நேரும் என்பதை ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

வட அயர்லாந்தின் தலைநகரம் பெல்பாஸ்ட். அந்நாட்டில் மூன்று விளையாட்டுக்களுக்குப் பெருமதிப்பு உண்டு. ஒன்று கால்பந்து; மற்றொன்று ரக்பி; மூன்றாவது கெய்லிக் விளையாட்டு எனப்படும் அயர்லாந்தின் பழைய மரபு ஆட்டம். கையாலும் காலாலும் பந்தை ஆடும் கெய்லிக் கால்பந்தும், மட்டை கொண்டு ஆடும் ஹர்லிங்கும் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. சமயத்தாலும் அரசியலாலும் நெடுங்காலம் பிளவுபட்டுப் பெருந்துன்பம் உற்ற நாடு அது. அங்கே ஒருவர் விரும்பும் விளையாட்டைக் கொண்டே அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று பிறர் ஊகிப்பது வழக்கம். ஆகவே ஒரு விளையாட்டுக்கு உதவி செய்து மற்றொன்றைக் கைவிட்டால், அது வெறும் விளையாட்டுச் செய்தியாக நில்லாது; நீதி பற்றிய வழக்காகிவிடும்.

இதனை உணர்ந்த வட அயர்லாந்து அரசு, 2011ஆம் ஆண்டில் மூன்று விளையாட்டுக்களின் அரங்கங்களையும் புதுப்பிக்கப் பொதுப்பணம் ஒதுக்கியது. ரக்பிக்கு ரேவன்ஹில் அரங்கம். கால்பந்துக்கு வின்ட்சர் பார்க். கெய்லிக் விளையாட்டுக்கு மேற்கு பெல்பாஸ்டில் உள்ள கேஸ்மென்ட் பார்க். கடைசியாகச் சொன்ன அரங்கம் 1953ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனை இடித்து, 38,000 பேர் அமரக்கூடிய புதிய அரங்கம் எழுப்புவது திட்டம். மொத்தச் செலவு 7 கோடியே 75 இலட்சம் பவுண்டு என்று மதிப்பிடப்பட்டது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அரசு தருவதாக வாக்களித்தது. எஞ்சியதைக் கெய்லிக் விளையாட்டுச் சங்கம் ஏற்பதாக ஏற்பாடு.

மூன்று அரங்கங்களும் ஒரே திட்டத்தில் பிறந்தவை. ஆயினும் அவற்றின் கதி வெவ்வேறாயிற்று. ரேவன்ஹில் 2014ஆம் ஆண்டிலேயே முடிந்தது. வின்ட்சர் பார்க்கில் 2015ஆம் ஆண்டு ஒரு பக்கத்துப் பார்வையாளர் மாடத்தில் விரிசல் கண்டு, அம்மாடத்தை இடிக்க நேர்ந்தபோதிலும், 2016ஆம் ஆண்டில் பணி நிறைவெய்தியது. இவ்விரண்டும் ஏறக்குறைய 18,000 பேர் கொள்ளும் அரங்கங்கள். பகுதி பகுதியாகக் கட்டி முடிக்கப்பட்டவை. கேஸ்மென்ட் பார்க்கிலோ 2013ஆம் ஆண்டுக்குப் பிறகு ஆட்டமே நடைபெறவில்லை. அவ்வாண்டில் முதல் வகுப்பிற் சேர்ந்த சிறுவன் ஒருவன் 2025ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பையே முடித்திருப்பான். அவன் படித்த காலமெல்லாம் அவ்விடத்தில் அரங்கம் எழவில்லை.

காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம். கேஸ்மென்ட் பார்க் வீடுகளுக்கு இடையே அமைந்தது. அங்கு மிக உயர்ந்த மாடங்கள் எழுமாயின் அக்கம்பக்கத்தார் வாழ்வு பாதிக்கப்படும் என்று அங்குள்ள மக்கள் முறையிட்டனர். 2013ஆம் ஆண்டு இறுதியில் அமைச்சர் அனுமதி வழங்கினார். மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த அனுமதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 38,000 பேர் கூடுவதால் சுற்றுப்புறத்துக்கு ஏற்படும் விளைவு தக்கவாறு ஆராயப்படவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு.

அடுத்து, 2015ஆம் ஆண்டில் அதைவிடக் கடுமையான செய்தி ஒன்று வெளிவந்தது. அரங்கப் பாதுகாப்பை ஆராயும் தொழில்நுட்பக் குழுவின் தலைவர் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பிரதான சாலைப்பக்கத்து வழி அடைபட்டால், நெருக்கடி நேரத்தில் மக்களைப் பத்திரமாக வெளியேற்ற இயலாது என்று அவர் கூறினார். பெரிய அரங்கை வரையும்போது, ‘எத்தனை பேர் உள்ளே வரலாம்?’ என்பதைக் காட்டிலும், ‘எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் வெளியே போகலாம்?’ என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். படம் வரைந்து, பணம் ஒதுக்கி, அனுமதியும் தந்தபின் இக்கேள்வி எழுந்ததே துன்பத்தின் மூலம்.

புதிய விண்ணப்பம் 2017ஆம் ஆண்டில் தரப்பட்டது. இம்முறை இருக்கைகள் 34,000க்குச் சற்று மேல். ஆனால் அவ்வாண்டு ஜனவரியிலேயே வட அயர்லாந்தின் கூட்டு மந்திரிசபை கவிழ்ந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரி வரை மந்திரிகளே இல்லை. மீண்டும் 2022 பிப்ரவரி தொடங்கி 2024 பிப்ரவரி வரை முழு அதிகாரமுள்ள மந்திரிசபை இல்லை. அதிகாரிகள் அன்றாட அலுவல்களை நடத்தலாம். பெருந்தொகையை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் மந்திரிகளுக்கே உரியது. இதற்கிடையில் 2021ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கும் அடுத்த ஆண்டு தள்ளுபடியாயிற்று. வழி திறந்தது, ஆனால் விலைவாசி வேறாகிவிட்டது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். விலை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் உயர்வதாகக் கொள்வோம். இன்று 100 ரூபாய் விலையுள்ள பொருள் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 180 ரூபாய் ஆகும். அந்த முறையில் 7 கோடியே 75 இலட்சம் பவுண்டு 14 கோடியை எட்டும். ஆக, ஒருவரும் திருடாமலும், ஒருவரும் வீணாக்காமலும், தாமதம் ஒன்றே செலவை இருமடங்குக்கு அருகில் கொண்டு வந்துவிடும். ஆனால் மெய்யான மதிப்பீடு அதனையும் தாண்டிச் சென்றது.

2023ஆம் ஆண்டு அக்டோபரில், 2028ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியைப் பிரிட்டனும் அயர்லாந்தும் கூட்டாக நடத்த வாய்ப்புப் பெற்றன. போட்டிக்குக் குறைந்தது 30,000 இருக்கைகள் வேண்டும்; வின்ட்சர் பார்க்கில் அத்தனை இல்லை. ஆகவே இன்னும் கட்டப்படாத கேஸ்மென்ட் பார்க் பெல்பாஸ்டின் அரங்கமாகக் குறிக்கப்பட்டது. போட்டிக்குரிய வசதிகளும் சேர்ந்தன. குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டிய அவசரமும் சேர்ந்தது. அவசரக்காரனிடம் விற்பவன் பேரம் குறைப்பதில்லை. போட்டி வழங்கப்பட்டபோது 18 கோடிப் பவுண்டாக இருந்த மதிப்பீடு 40 கோடிக்கும் மேல் போகக்கூடும் என்றும், உரிய காலத்தில் பணி முடியாது போகலாம் என்றும் கூறி, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு போட்டிக்காகப் பணம் தர மறுத்தது. முதல் மதிப்பீட்டைப் போல் ஐந்து மடங்குத் தொகை அது! பெல்பாஸ்ட் போட்டியை இழந்தது. பின்னர் 2025ஆம் ஆண்டு ஜூனில் அவ்வரசு 5 கோடிப் பவுண்டு ஒதுக்கியது. அயர்லாந்துக் குடியரசு 5 கோடி யூரோ தருவதாக 2024லேயே கூறியிருந்தது. அத்தனையும் சேர்த்தும் முழுச் செலவுக்குப் போதவில்லை.

இவ்வரலாற்றில் தீயவர் ஒருவரைத் தேடிக் குற்றம் சுமத்துவது எளிதன்று. முறையிட்ட மக்கள் தம் வீட்டைக் காத்தனர். பாதுகாப்பு அறிஞர் தம் கடமையைச் செய்தார். நீதிமன்றம் சட்டத்தைச் சொல்லிற்று. விளையாட்டுச் சங்கமோ கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட வேண்டும் என்று கேட்டது, அதுவும் நியாயமே. அப்படியானால் குறை எங்கே? ‘எங்கள் பங்கு இவ்வளவு’ என்று சங்கம் ஒரு தொகையைச் சொன்னது. ‘நாங்கள் வாக்களித்தது இவ்வளவு’ என்று அரசு ஒரு தொகையைச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே ஆண்டுதோறும் அகன்று வந்த பள்ளம் எவருடைய கணக்கிலும் எழுதப்படவில்லை. மிகுதிச் செலவை யார் ஏற்பது, எந்த எல்லைக்கு மேல் திட்டத்தைச் சுருக்குவது, ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றும் முதல் நாளே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

திருவள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எது, ஆவது எது, பின்னர் வரும் ஊதியம் எது என்று எண்ண வேண்டும் என்பது அவர் காட்டும் நெறி. கட்டடத்துக்கு அதைப் பொருத்தினால் வரிசை தெளிவாகும். முதலில் அக்கம்பக்கத்தாரையும் பாதுகாப்பு அறிஞரையும் கேட்க வேண்டும். அதன்பின் படம் வரைய வேண்டும். படம் முடிந்தபின் மதிப்பிட வேண்டும். மதிப்பிட்டபின்னரே வாக்களிக்க வேண்டும். கேஸ்மென்ட் பார்க்கில் வாக்குறுதி முன்னே நடந்தது; விசாரணை பின்னே வந்தது.

மாணவர்களே, நாளை உங்களிற் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் கணக்காளர், அதிகாரி, நகரசபை உறுப்பினர் ஆவீர்கள். பெருந்தொகை ஒன்றைப் பத்திரிகையில் காணும்போது, ‘எவ்வளவு?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘எந்த ஆண்டு விலையில்? எந்தப் படத்தைக் கொண்டு? கூடினால் யார் கொடுப்பது?’ என்றும் கேட்டுப் பழகுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளவாதவர் கையில் பொதுப் பணம் இருந்தால், அதனால் பயன் பெறவேண்டிய சிறுவர்கள் ஆடும் வயதைக் கடந்த பின்னும் மைதானம் பூட்டியே கிடக்கும்.