உங்களுக்குத் தெரியுமா? - படை ஏறிய பாலிசேட்ஸ்

● நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவுக்கு எதிரே, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் மதில் எழுப்பினாற்போல் நீண்டு கிடக்கிறது பாலிசேட்ஸ் பாறைத்தொடர். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பாறை அடுக்குகளுக்கு நடுவே புகுந்த தீக்குழம்பு ஆறி இறுகியபோது நெட்டுக்குத்தாகப் பிளந்து தூண் தூணாக நின்றது. மேலே மூடியிருந்த மென்பாறை காலப்போக்கில் அரித்துப்போக, அந்தத் தூண்கள் வெளியே தெரிகின்றன. உச்சியிலும் அடிவாரத்திலும் அடர்ந்த காடு.

● அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 நவம்பர் 16 அன்று மன்ஹாட்டன் பக்கம் இருந்த வாஷிங்டன் கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 2,800 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். எதிர்க்கரையில் பாறை உச்சியில் இருந்த லீ கோட்டைதான் அடுத்த குறி. 19ஆம் தேதி இரவு மழையில், சுமார் 5,000 வீரர்களோடு ஆற்றைக் கடக்கத் தொடங்கினார் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ். கோட்டைக்கு நேர் கீழே இறங்காமல், ஏறத்தாழ 10 கி.மீ. வடக்கே, காவலே போடப்படாத ஒரு சிறிய படகுத்துறையைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து உச்சிக்குப் போக ஒரே ஒரு குறுகிய பாதை. காலாட்படை அதில் ஏறியது. பீரங்கிகளையும் அதே வழியில் இழுத்தே மேலே கொண்டுவந்தார்கள். இந்தச் செங்குத்தில் ஒரு படை ஏறி வரும் என்று அமெரிக்கத் தரப்பு எதிர்பார்க்கவில்லை.

● தகவல் எட்டியதும் லீ கோட்டையைக் காலி செய்தார்கள். கூடாரங்களையும் பீரங்கிகளையும் அப்படியே போட்டுவிட்டு, ஹாக்கன்சாக் ஆற்றின் மேலிருந்த மரப்பாலத்தை நோக்கி விரைந்தார்கள். ஆங்கிலேயருக்கு முன்னால் பாலத்தைத் தொட்டுவிட்டதால்தான் அந்தப் படை தப்பியது. அன்று அந்தப் பாலம் கைநழுவியிருந்தால், அடுத்த மாதம் டெலவேர் ஆற்றைக் கடந்து டிரென்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பெற்ற வெற்றிக்குப் படையே மிஞ்சியிருக்காது என்பது என் எண்ணம்.

● அந்தப் பின்வாங்கலில் உடன் நடந்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் தாமஸ் பெய்ன். சோர்ந்திருந்த வீரர்களுக்குத் தெம்பூட்டிய அவருடைய புகழ்பெற்ற துண்டறிக்கை அதே டிசம்பரில் வெளியானது.

● அதே கார்ன்வாலிஸ்தான் பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல்! 1781இல் யார்க்டவுனில் தோற்றவர், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்தார். அப்போது ஏற்பட்ட உடன்படிக்கையில்தான் சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. அவருடைய பளிங்குச் சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● 1776இல் பாலிசேட்ஸில் படை ஏறியது ஆல்பைன் படகுத்துறை வழியாக என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அங்கே ஆற்றோரம் இருக்கும் ஒரு பழைய வீட்டைக் கார்ன்வாலிஸ் தங்கிய இடம் என்றும் காட்டினார்கள். சற்றுத் தெற்கே உள்ள ஹைலர்ஸ் துறைதான் உண்மையான இடம் என்பது இப்போதைய ஆய்வாளர்களின் கருத்து. அந்தப் பாதையில் இன்று யாரும் நடக்கலாம். கீழிருந்து ஏறும்போது வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும். இலைச்சருகுக்கு அடியில் உருளும் கற்கள் காலை வாரும். வெறுங்கையோடு ஏறுபவருக்கே இந்தப் பாடு என்றால், நனைந்த சீருடையும் துப்பாக்கியுமாக ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள்.

● போர் சிதைக்காத பாறையை வெடிமருந்து சிதைத்தது. சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் ஜல்லி தேவைப்பட்டதால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்குவாரிகள் பெருகின. 1898இல் 'இந்தியன் ஹெட்' என்ற பேர்பெற்ற பாறை முகமே தகர்க்கப்பட்டது. இதை எதிர்த்து முன்னால் வந்து நின்றவர்கள் நியூஜெர்சி மாநில மகளிர் மன்றங்களின் கூட்டமைப்பினர். வாக்குரிமையே இல்லாத காலத்தில் நியூஜெர்சி, நியூயார்க் ஆகிய இரண்டு மாநில அரசுகளையும் அசைத்தார்கள். 1900இல் பூங்கா ஆணையம் அமைந்தது. நியூயார்க் ஆளுநராக அப்போது இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். வங்கியாளர் ஜே. பி. மார்கன் 1,22,500 டாலர் கொடுக்க, அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பெரிய குவாரியில் வெடிச்சத்தம் நின்றது. கார்ன்வாலிஸின் பெயரைச் சொல்லும் அளவுக்கு இந்தப் பெண்களைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு ஆற்றாமைதான். 1929இல் அவர்களுக்காகக் கட்டப்பட்ட சின்னஞ்சிறு கற்கோட்டை ஆல்பைன் அருகே காட்டுக்குள் இருக்கிறது. அவசியம் பாருங்கள்.

● ஹாலிவுட்டுக்கு முன் அமெரிக்க சினிமாவின் தலைநகரம் லீ கோட்டை இருந்த இதே ஊர்தான். பேசாப் படங்களுக்கு இந்தப் பாறை விளிம்புகள் இலவச செட்.

● பாலிசேட்ஸின் உச்சி விளிம்பில் போகும் நடைபாதை 'லாங் பாத்'. மரங்களில் நீலப்பச்சை வண்ணக் குறி. ஆற்றை ஒட்டிப் போவது 'ஷோர் டிரெயில்', வெள்ளைக் குறி. இரண்டையும் ஆங்காங்கே செங்குத்தான கிளைப்பாதைகள் இணைக்கின்றன. ஷோர் டிரெயிலின் வடகோடியில் 'ஜயன்ட் ஸ்டெயர்ஸ்' என்ற பாறைக் குவியல்; கையும் காலும் ஊன்றித்தான் தாண்ட வேண்டும். 2012 மே மாதம் அந்தப் பக்கம் பெரிய பாறைச்சரிவே நடந்தது. மழை பெய்த மறுநாள் அங்கே போகாதீர்கள். அக்டோபர் கடைசியில், இலைகள் நிறம் மாறும் நேரத்தில் போங்கள்; மன்ஹாட்டனிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தை நடந்தே கடந்து காட்டுக்குள் நுழைந்துவிடலாம்.