தாய்ப்பாலும் தினக்கூலியும்

முதல் ஆறு மாதங்கள் குழவிக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீரும் வேண்டா என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேனை தொட்டு வைக்கும் பாட்டிமாரிடம் இதைப் பக்குவமாக எடுத்துரைத்துவிடலாம். கூலிக்குச் செல்லும் தாயிடம் என்ன சொல்வோம்?

1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்றபோது, முதலிரு பேறுகளுக்குரிய 12 வார ஊதிய விடுப்பு 26 வாரமாயிற்று. சரியாக அந்த ஆறு மாதங்கள்! ஆனால், அது ஆலை, தோட்டம், பத்துப் பேரேனும் பணிபுரியும் கடை போன்றவற்றிற்கே உரியது. நாற்று நடுபவளுக்கு யார் விடுப்பளிப்பார்? குழவி சுவைக்கச் சுவைக்கவே பால் சுரக்கும். பகலெல்லாம் பிரிந்திருப்பின் சுரப்புக் குன்றும். பின்னர்ப் புட்டிப்பால், அதற்கும் அக்கூலியிலிருந்தே செலவு. இவளையா பொறுப்பற்றவள் என்கிறோம்?

நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் இவ்விடுப்புக்குப் புறம்பானவளே. அவள் பிள்ளை பெற்றால், ஆறு மாதச் சம்பளத்தோடு அவளை வீட்டிலிருக்கச் சொல்ல நம்முள் எத்தனை குடும்பங்கள் முன்வரும்?