நியூயார்க் போன காலம் போச்சு! புற்று நோய்க்குப் பக்கத்திலேயே வைத்தியம்

புற்று நோய் என்று டாக்டர் சொன்னதும் பாதி உயிர் போய்விடுகிறது. "ஐயோ, பாவம்!" என்று வீட்டுக்கு வந்து உச்சுக் கொட்டுகிறவர்கள் மீதி உயிரையும் எடுத்துவிடுகிறார்கள்.

நோய் பழைய நோய்தான். ஆனால் வைத்தியம் பழைய வைத்தியம் அல்ல. செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டார மக்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல்-அமைச்சரின் பயணம்

1968-ம் ஆண்டு. முதல்-அமைச்சர் அண்ணாவுக்கு உணவுக் குழாயில் புற்று நோய். செப்டம்பர் மாதம் விமானத்தில் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். நியூயார்க் ஆஸ்பத்திரியில் டாக்டர் மில்லர் ஆபரேஷன் செய்தார். நவம்பரில் அண்ணா ஊர் திரும்பினார். ஆனாலும் 1969 பிப்ரவரி 3-ந்தேதி காலமானார். அவருக்கு வயது 59.

அண்ணா பிறந்த காஞ்சீபுரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த ஊரை ஒட்டிய காரப்பேட்டையில், 1969-லேயே அவர் பெயரில் அரசு புற்று நோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது.

முதல்-அமைச்சர் கடல் கடந்து தேடிப்போன வைத்தியத்துக்கு, இன்று நெசவாளியும் கூலிக்காரரும் செங்கல்பட்டில் அரக்கோணம் ரயில் ஏறிப் போகிறார்கள்.

தங்கைக்காக ஒரு சபதம்

அதற்கும் முன்பே வழி காட்டியது அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்று நோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. 1954-ல் அடையாறில் புற்று நோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. படுக்கைகள் மொத்தமே 12!

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021 ஜனவரியில் 93 வயதில் மறையும் வரை சாந்தாவுக்கு அந்த ஆஸ்பத்திரிதான் வீடு. மாமல்லபுரத்துக்காரர்களுக்கு அடையாறு, கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் பயணம்தான்.

"கரண்ட்" வைத்தால் எரியுமா?

கதிர் சிகிச்சையை நம் மக்கள் "கரண்ட் வைக்கிறது" என்கிறார்கள். பயமே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. உண்மையில் கதிர் படும்போது வலி தெரியாது. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான்.

அடையாறுக்கு 1957-ல் கோபால்ட் கருவி வந்தது. கோபால்ட் சும்மா இருந்தாலும் கரையும் சரக்கு. ஐந்தேகால் ஆண்டில் அதன் வீரியம் பாதியாகிவிடும். இப்போது வந்திருக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் கருவி மின்சாரத்தில் கதிரை உண்டாக்குகிறது. கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைச் செதுக்கி அனுப்புகிறது. பக்கத்து உறுப்புகளுக்குச் சேதம் குறைகிறது.

தினமும் ரயிலில் வந்து போகிறவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. மார்பகப் புற்று நோய்க்கு ஐந்து வாரம் கதிர் வைப்பது வழக்கமாக இருந்தது. இன்று பலருக்கு மூன்று வாரமே போதும் என்று ஆகியிருக்கிறது. ஆரம்பத்திலேயே வந்தால் மார்பை முழுதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கவும் முடிகிறது.

சென்னையில் தோற்ற மாத்திரைக் கம்பெனி

மாத்திரை வைத்தியமும் மாறிவிட்டது. ரத்தப் புற்று நோயில் ஒரு வகைக்கு 2001-ல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. தினம் ஒன்று விழுங்கிவிட்டு ஆபீஸ் போய் வரலாம். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனியின் மாத்திரை அப்போது மாதம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாக இருந்தது! உள்நாட்டுக் கம்பெனிகளுடையது 10 ஆயிரத்துக்கு உள்ளேதான் இருந்தது.

அந்த வெளிநாட்டுக் கம்பெனி காப்புரிமை கேட்டது சென்னை அலுவலகத்தில். 2006-ல் "இல்லை" என்று பதில் வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2013 ஏப்ரல் 1-ந்தேதி கம்பெனி தோற்றது. மலிவு மாத்திரை பிழைத்தது. அதை நம்பியிருந்த ஏழைகளும் பிழைத்தார்கள்.

கல்பாக்கத்தில் வலிக்கு மருந்து

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் என்றால் நமக்கு மின்சாரம்தான் நினைவுக்கு வரும். அங்கே 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை அணு உலையில் விஞ்ஞானிகள் வேறொரு காரியமும் செய்திருக்கிறார்கள். இட்ரியம் என்ற பொருளை உலைக்குள் வைத்து, ஸ்ட்ரான்சியம்-89 என்ற கதிர்ப்பொருளைத் தயாரித்துப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

புற்று எலும்புக்குப் பரவினால் வலி உயிரை வாங்கும். இந்த ஸ்ட்ரான்சியம் சுண்ணாம்புச் சத்தைப் போலவே எலும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து கதிர் வீசி வலியைத் தணிக்கும். நோய் தீராத நிலையிலும் நோயாளி ராத்திரி தூங்க வேண்டும் அல்லவா? அதுவும் வைத்தியம்தான்.

"சொன்னா கல்யாணம் நின்னுடும்"

இவ்வளவு இருந்தும் பலர் முற்றிய பிறகே வருகிறார்கள். காரணம் பணம் மட்டும் அல்ல. "வெளியில சொன்னா பொண்ணுக்கு யார் மாப்பிள்ளை கொடுப்பாங்க?" என்ற பயம். "தனித் தட்டு வெச்சுடுவாங்க" என்ற வெட்கம்.

புற்று நோய் தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். மருந்தால் கொட்டும் முடி, மருந்தை நிறுத்தியதும் மறுபடி முளைக்கும்.

வாயில் மூன்று வாரம் ஆறாத புண், மார்பில் கட்டி, விழுங்கச் சிரமம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சில நிமிட வேலைதான்.

புகையிலை போடுகிறவர்கள் இன்றே துப்பிவிடுங்கள். மாமல்லபுரம் சிற்பிகளுக்கு ஒரு வார்த்தை: கல் தூசியும் நுரையீரல் புற்றுக்குக் காரணம். அதோடு பீடியும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. மூக்கை மூடிக்கொண்டு உளியைப் பிடியுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால், முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி. தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணமே இல்லை. ஆஸ்பத்திரியில் சான்று வாங்கிக் காட்ட வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் நர்சு வீட்டுக்கே வருகிறார்.

ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிட்டது. மருந்தும் வந்துவிட்டது. இனி நோயாளி நேரத்தோடு போக வேண்டியதுதான் பாக்கி. உங்கள் வீட்டில் யாராவது கட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தால், இன்று ராத்திரியே பக்குவமாகக் கேளுங்கள். நாளைக் காலையில் கூடவே துணைக்குப் போங்கள்.